குடிமதிப்பும் குடியரசும்

மக்களை எண்ணும் பணிக்குத் தமிழில் ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்கள் வழங்கி வந்துள்ளன. பாரசீகச் சொல்லிலிருந்து வந்த 'கானேஷுமாரி' அவற்றுள் ஒன்று. கானா என்றால் வீடு. ஷுமாரி என்றால் எண்ணிக்கை. வீடுகளை எண்ணுதல் என்பதே அதன் நேர்ப்பொருள். வரி தண்டுபவனுக்கு வீடு தெரிந்தால் போதும். வீட்டினுள் எத்தனை பேர் என்பது அவனுக்கு இரண்டாவது கவலை. இதற்கு ஈடாக வழங்கிய தமிழ்ச்சொல் 'குடிமதிப்பு'. குடி என்பது வீட்டையும் குடும்பத்தையும் குலத்தையும் ஆளப்படும் மக்களையும் ஒருங்கே குறிக்கும் சொல். மதிப்பு என்பதோ அளவிடுதலையும் குறிக்கும், போற்றுதலையும் குறிக்கும். இன்று வழங்கும் 'மக்கள்தொகைக் கணக்கெடுப்பு' என்னும் தொடர் துல்லியமானது, ஐயமில்லை. ஆயினும் பழைய சொல்லில் மறைந்திருந்த இரண்டாம் பொருள் அதில் இல்லை. விடுதலை பெற்ற இந்தியா 1951ஆம் ஆண்டு தன் மக்களை முதன்முதலாக எண்ணப் புகுந்தபோது, கைவிட்டுப் போயிருந்த அந்த இரண்டாம் பொருளைத்தான் தேடிற்று எனலாம். அன்று திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் வடகிழக்குப் பகுதிகளாக இருந்து, பின்னர்த் தனி மாவட்டங்களான பெரம்பலூர், அரியலூர் மண்ணிலிருந்து நோக்கும்போது அத்தேடலின் பயனும் குறையும் தெளிவாகப் புலப்படுகின்றன.

எண்ணுதல் தமிழ் மண்ணுக்குப் புதிதன்று. அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரம் ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுக் காலம் ஒரு பேரரசின் தலைநகராக இருந்தது. அவ்வரசு நிலத்தை அளந்தது. விளக்கெரிக்க விட்ட ஆடுகளைத் தொண்ணூற்றாறு தொண்ணூற்றாறாக எண்ணிக் கல்லில் வெட்டியது. முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டொன்று நானூறு தளிச்சேரிப் பெண்டிரை வரிசைப்படுத்துகிறது. அவரவர் பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து கொணரப்பட்டவர், எந்தத் தெருவில் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பன எல்லாம் அதில் உண்டு. இன்றைய வீட்டுப் பட்டியலுக்கு முன்னோடி என்று இதனைச் சொல்லத் தடையில்லை. ஆனால் அந்நானூற்றுவர் எண்ணப்பட்டது அரசன் அவர்களுக்குப் பங்கு அளந்ததனால். அளக்க வேண்டாதவர் எண்ணப்படவில்லை. கங்கைகொண்ட சோழபுரத்துத் தெருக்களில் எத்தனை பேர் வாழ்ந்தனர் என்பதற்கு ஒரு கல்லும் சான்று தரவில்லை. தனக்கு வருவதையும் தான் கொடுப்பதையும் மட்டுமே எண்ணுவது முடியரசின் கணக்கு.

ஆங்கிலேயர் ஆட்சியில் சென்னை மாகாணத்தில் 1851-52 முதலாக ஐந்தாண்டுக்கு ஒருமுறை கர்ணங்களைக் கொண்டு தொகை எடுக்கப்பட்டு வந்தது. முறையான முதல் கணக்கெடுப்பு 1871 நவம்பரில் நடைபெற்றது. (அரியலூரிலும் குன்னத்திலும் தமிழ் பயின்று வளர்ந்த உ. வே. சாமிநாதையர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவராகச் சேர்ந்ததும் அவ்வாண்டில்தான்.) அக்கணக்கின் அறிக்கையை எழுதிய கார்னிஷ் என்பவர் மருத்துவர், மாகாணச் சுகாதார ஆணையர். 1876-78ஆம் ஆண்டுகளில் தாது வருடப் பஞ்சம் தென்னாட்டை வாட்டியபோது, நிவாரண வேலை செய்வோருக்கான உணவுப்படியைக் குறைக்கத் துணிந்த சர் ரிச்சர்டு டெம்பிளை எதிர்த்து வாதாடியவரும் அவரே. மக்களை எண்ணியவருக்கு மக்கள் குறைவதன் பொருள் தெரிந்திருந்தது போலும். அடுத்து வந்த 1881ஆம் ஆண்டுக் கணக்கில், பத்தாண்டில் பெருகியிருக்க வேண்டிய மாகாணத் தொகை பெருகாமல் குறைந்து நின்றது. பஞ்சத்தில் மாண்டவர்களின் தொகையை ஆள்வோர் எவ்வளவு சுருக்கிச் சொன்னாலும் அந்தக் குறைவை அவர்களால் மறைக்க இயலவில்லை.

எனினும் அயலாட்சிக் கணக்கின் முதன்மை நாட்டம் சாதியின்மீது இருந்தது. 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை நடத்திய ரிஸ்லி சாதிகளைச் சமூக மதிப்பு வரிசையில் நிறுத்த முற்பட்டார். எண்ணிக்கை தரவரிசையாக மாறியதும், தத்தம் சாதிக்கு உயர்ந்த பெயர் வேண்டி விண்ணப்பங்கள் குவிந்தன. வரிசையில் மேலே ஏற முயன்றோர் பலர். வரிசையே வேண்டாம் என்றவர் அயோத்திதாச பண்டிதர். 1911ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை ஒட்டி, சாதிபேதமற்ற திராவிடர் எனத் தம் மக்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் எனத் தம் 'தமிழன்' இதழ் வழியாக அவர் வற்புறுத்தினார். கணக்கெடுப்புச் சீட்டை ஒரு விடுதலைப் பத்திரமாகப் படித்த முதல் தமிழர்களுள் அவரை வைத்து எண்ண வேண்டும்.

1947இல் அதிகாரம் கைமாறியபோது புதிய அரசின் கையில் நம்பத்தக்க எண் எதுவும் இருக்கவில்லை. 1941ஆம் ஆண்டுக் கணக்கு போரின் காரணமாகச் சுருக்கப்பட்டு, அட்டவணைகள் பலவும் தயாரிக்கப்படாமலே நின்றுபோயிருந்தன. பஞ்சாபிலும் வங்கத்திலும் மதத்தின் பெயரால் தொகையை ஊதிப் பெருக்கிய குற்றச்சாட்டும் அதற்கு உண்டு. அதன்பின் வங்கப் பஞ்சம் வந்தது, நாடு இரண்டாயிற்று, எல்லையின் இருபுறமும் இலட்சக்கணக்கானோர் இடம்பெயர்ந்தனர். பங்கீட்டுக் கடையில் அரிசி அளப்பதற்கும், பள்ளி திறப்பதற்கும், ஐந்தாண்டுத் திட்டம் தீட்டுவதற்கும் தலைக்கணக்கு வேண்டும். இவை எந்த அரசுக்கும் வேண்டுபவையே. குடியரசுக்கு இவற்றினும் அடிப்படையான தேவை ஒன்று இருந்தது. வயது வந்தோர் அனைவருக்கும் வாக்கு என்று அரசியலமைப்பு விதித்துவிட்டது. சட்டமன்றங்களில் 75,000 பேருக்கு ஓர் உறுப்பினருக்கு மேற்படக் கூடாது என்றும், பட்டியல் இனத்தாருக்கு அவர்தம் தொகையின் விகிதப்படி இடங்கள் ஒதுக்கப்பட வேண்டும் என்றும் அது கூறிற்று. தொகை தெரியாமல் தொகுதி இல்லை. தொகுதி இல்லாமல் தேர்தல் இல்லை. 1951-52ஆம் ஆண்டு முதல் பொதுத்தேர்தலுக்குக் கணக்கு உரிய காலத்தில் கிடைக்கவில்லை. ஆகவே 1950 மார்ச்சு முதல் நாளுக்கு மதிப்பிடப்பட்ட தொகையைக் கொண்டே தொகுதிகள் வகுக்கப்பட்டன. மதிப்பீட்டின்மேல் நின்ற குடியரசு மெய்யெண்ணின்மேல் நிற்க வேண்டி 1951க்குக் காத்திருந்தது.

இதற்கான சட்டம் 1948இல் இயற்றப்பட்டது. அதற்குமுன் ஒவ்வொரு கணக்கெடுப்புக்கும் தனித்தனியே சட்டம் போட்டு, வேலை முடிந்ததும் அலுவலகத்தைக் கலைத்துவிடுவார்கள். விடுதலைக்குப் பின்னரே அது நிலையான துறையாயிற்று. தலைமைப் பதிவாளராகவும் கணக்கெடுப்பு ஆணையராகவும் அமர்ந்தவர் சென்னை மாகாணப் பணியிலிருந்து சென்ற ஆர். ஏ. கோபாலஸ்வாமி என்னும் ஐ.சி.எஸ். அதிகாரி. சென்னை மாநிலத்துப் பணிக்குத் தலைமை ஏற்றவர் எஸ். வெங்கடேஸ்வரன். அச்சட்டத்தின் 15ஆம் பிரிவு, ஒருவர் சொன்ன விடையை வேறெவரும் பார்வையிடவோ வழக்கில் சான்றாகக் காட்டவோ கூடாது எனத் தடுக்கிறது. சொல்பவர் அச்சமின்றிச் சொல்ல வேண்டும் என்பதே அதன் கருத்து. அதே கணக்கின் சீட்டுகளிலிருந்து ஊர்தோறும் குடிமக்கள் பதிவேடு ஒன்றும் படியெடுக்கப்பட்டது. தமிழகத்தில் அது நினைவிலிருந்தே அகன்றுவிட்டது. அசாமில் அது அகலவில்லை. 2019இல் ஏறத்தாழ 19 இலட்சம் பேரைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்திய புதிய பதிவேட்டுக்கு அந்தப் பழைய ஏடே வேராயிற்று. ஆள்களை எண்ணுவதற்கும் ஆள்களைப் பிரித்து விலக்குவதற்கும் இடையே உள்ள வேலி அவ்வளவு மெல்லியது.

1951 பிப்ரவரி 9ஆம் நாள் தொடங்கி 28ஆம் நாள் வரை இருபது நாள்கள் கணக்கெடுப்பு நடைபெற்றது. மார்ச்சு முதல் நாள் கதிரவன் உதிக்கும் வேளையே கணக்கு வேளை எனக் கொள்ளப்பட்டது. அதற்கு முன் இறந்தவரை நீக்கவும் பிறந்த குழந்தையைச் சேர்க்கவும் மார்ச்சு முதல் மூன்று நாள்களில் மீண்டும் வீடுவீடாகச் சென்றனர். நாடெங்கும் ஏறத்தாழ ஆறு இலட்சம் பேர் பெரும்பாலும் ஊதியமின்றி இதனைச் செய்தனர். சிற்றூர்களில் கர்ணமும் பள்ளி ஆசிரியருமே கணக்கெடுப்பாளர்கள். பெரம்பலூர், உடையார்பாளையம் வட்டங்களில் அது கடலையும் பருத்தியும் சோளமும் வீடு வந்து சேர்ந்து, மானாவாரிக் கொல்லைகள் வெறிச்சோடிக் கிடக்கும் பருவம். பிழைப்புத் தேடிக் காவிரிக் கரைக்கு இறங்கியவர்கள் பலர் ஊரில் இல்லாத பருவமும் அதுவே. கணக்கெடுப்பில் இருபது நாள் இடைவெளி எவ்வளவு தேவை என்பதை மானாவாரி ஊர்களைப் பார்த்தால் அறியலாம்.

வீடு எது, குடும்பம் எது என்னும் வினாவுக்கு இக்கணக்கு கண்ட விடை சுவையானது. தனி வாசல் உடையது ஒரு வீடு. ஒரே அடுக்களையில் உண்போர் ஒரு குடும்பம். இரத்த உறவோ சொத்துரிமையோ அங்கு அளவுகோல் அன்று, உலைதான் அளவுகோல். ஒரே கூரையின்கீழ் அண்ணனும் தம்பியும் தனித்தனியே உலை வைத்தால் அவர்கள் இரண்டு குடும்பம். அத்தையும் அநாதைப் பிள்ளையும் பண்ணையாளும் ஒரு பானைச் சோறு உண்டால் ஒரே குடும்பம். வீடே இல்லாதவர்களை எண்ணுவதற்குப் பிப்ரவரி 28ஆம் நாள் இரவு ஒதுக்கப்பட்டது. கோயில் மண்டபத்திலும் புகைவண்டி நிலையத்திலும் மரத்தடியிலும் படுத்திருந்தவர்கள் அன்றிரவு எண்ணப்பட்டனர். கானேஷுமாரி என்னும் சொல்லின்படி பார்த்தால் இவர்கள் கணக்கில் வரவே முடியாதவர்கள்.

சீட்டில் முதல் வினா பெயரும் குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்பதும். இந்த எளிய வினாவே பல வாசல்களில் இடறிற்று. கணவன் பெயரைச் சொல்லாத வழக்கம் தமிழகத்துச் சிற்றூர்களில் ஆழ வேரூன்றியிருந்தது. மலைமேல் இருக்கும் சாமி, ஆறுமுகம் உள்ளவர் எனக் குறிப்பால் உணர்த்துவதும், பக்கத்து வீட்டுப் பிள்ளையை அழைத்துச் சொல்லச் செய்வதும் அன்றைய வழக்கம். அதனினும் கொடிது தம் பெயரையே சொல்லாமை. முதல் தேர்தலின் வாக்காளர் பட்டியலில் 'இன்னாரின் மனைவி', 'இன்னாரின் தாய்' என்றே பதிந்துகொண்டு தம் பெயர் சொல்ல மறுத்த ஏறத்தாழ 28 இலட்சம் பெண்களின் பதிவுகளைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் நீக்கவேண்டியதாயிற்று. அவர்களுள் பெரும்பாலோர் வட மாநிலத்தவர். பெயரில்லாதவளுக்கு வாக்கில்லை என்னும் அந்தக் கடுமையைப் பலர் குறை கூறினர். அந்தக் கடுமையினாலேயே அடுத்த தேர்தலில் பெயர்கள் வந்து சேர்ந்தன. தஞ்சைக் கல்வெட்டின் நானூற்றுவருக்கும் தனித்தனிப் பெயர் இருந்தது என்பதை இங்கு நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

சாதியின் இடத்தில் 1951ஆம் ஆண்டுக் கணக்கு வாழ்வழியை வைத்தது. உழவை நம்பியோர் நான்கு வகுப்பாகப் பிரிக்கப்பட்டனர். சொந்த நிலத்தை உழுவோர், பிறர் நிலத்தைக் குத்தகைக்கு உழுவோர், கூலிக்கு உழுவோர், உழாமல் வாரம் பெறுவோர் என்பன அவை. பிற தொழில்களுக்கும் நான்கு வகுப்புகள். பார்வைக்கு இது வெறும் பட்டியல். உண்மையில் அக்காலத்தின் பெருவினாவே இதுதான். சமீன்களை ஒழித்து இரயத்துவாரியாக்கும் சென்னைச் சட்டம் 1948இல் நிறைவேறியிருந்தது. உடையார்பாளையம், அரியலூர் சமீன்களின் பழம்பெருமையைப் பாடிய புலவர்கள் உண்டு; அச்சமீன்களின் நிலத்தில் உழுதவர் எத்தனை பேர், உழாமல் உண்டவர் எத்தனை பேர் என்று அதற்குமுன் யாரும் வாசலில் நின்று கேட்டதில்லை. அதே ஆண்டில்தான் மாவட்டம் தோறும் குடிமதிப்புக் கையேடு ஒன்று வெளியிடும் வழக்கமும் தோன்றியது. தில்லியின் எண்ணாக இருந்தது ஊரின் எண்ணாகவும் ஆயிற்று.

ஆனால் இதே கணக்கு பெண்ணைச் 'சார்ந்தவர்' என்று எழுதிற்று. தன்னைத் தானே காப்பவர், ஈட்டும் சார்ந்தவர், ஈட்டாத சார்ந்தவர் என்னும் மூன்று பிரிவில், வீட்டு வேலை மட்டும் செய்பவள் மூன்றாவதில் விழுந்தாள். நீர் சுமந்து, மாட்டைப் பராமரித்து, கடலை உடைத்து, அந்த ஒரே உலையை எரியவைத்தவள் ஈட்டாதவள். எண்ணியதில் பிழையில்லை, எண்ணுவதற்கு வகுத்த கட்டங்களில்தான் பிழை.

சாதியைக் கேளாது விட்டதும் முழுநன்மை என்று சொல்வதற்கில்லை. பட்டியல் சாதி, பட்டியல் பழங்குடி தவிர மற்றைச் சாதிகளைக் கேட்பதில்லை என்னும் முடிவு பிளவை வளர்க்கலாகாது என்னும் நல்லெண்ணத்தில் எடுக்கப்பட்டது. கணக்கு கேளாது விட்டதைத் தேர்தல் கேளாது விடவில்லை. 1951-52 தேர்தலில் பெரம்பலூர் மக்களவைத் தொகுதியில் வென்றது வன்னியர்களின் ஆதரவில் எழுந்த தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி. பிற்படுத்தப்பட்டோர் இடஒதுக்கீடு குறித்த வழக்குகளிலும் ஆணையங்களிலும் 1931ஆம் ஆண்டு எண்ணையே நெடுங்காலம் புரட்டிக்கொண்டிருக்க நேர்ந்தது. அடுத்த கணக்கெடுப்பில் எல்லாச் சாதிகளையும் எண்ணுவதென நடுவண் அரசு 2025 ஏப்ரலில் முடிவு செய்தது. இடையில் கழிந்தவை தொண்ணூறாண்டுகளுக்கு மேல்.

தமிழ் அன்பர்கள் சிறப்பாக நினைக்கவேண்டிய வினா தாய்மொழி பற்றியது. ஒற்றைச் சொல்லில் விடை சொல்லி முடிக்கும் அந்த வினா நாட்டின் உள்எல்லைகளையே மாற்றியது. ஆந்திரம் 1953இல் பிரிந்தபின் வட எல்லைச் சிக்கலைத் தீர்க்க அமர்ந்த படாஸ்கர், ஊரை அலகாகவும், ஊரின் பெரும்பான்மை மொழியை அளவாகவும், ஊர்களின் தொடர்ச்சியை நிபந்தனையாகவும் கொண்டார். ஊர்வாரியான மொழிக்கணக்கு 1951இல் எடுக்கப்பட்டிருந்ததனால்தான் அத்தகைய தீர்ப்பு இயன்றது. ம. பொ. சிவஞானம் முதலியோரின் போராட்டம் அவ்வினாவை உயிரோடு வைத்தது. எண் அதற்கு விடை தந்தது. 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி தமிழகத்தோடு இணைந்தது. தெற்கே கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்கள் 1956இல் வந்து சேர்ந்ததற்கும் மொழிக்கணக்கு துணைநின்றது. தேவிகுளத்திலோ தமிழர் பெரும்பான்மை எனக் கணக்கே காட்டியும், அவர்கள் தோட்ட வேலைக்கு வந்தவர்கள் என்று வாதிட்டு அவ்வட்டத்தைக் கேரளத்தில் வைத்தனர். எண் வழிகாட்டும், வழியை அடைப்பவர் அடைக்கவே செய்வர்.

தோட்டத்துக்குச் சென்றவர் என்ற பேச்சு வந்தமையால் கடல் கடந்து ஒரு காட்சியையும் காண்பது தகும். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த தொழிலாளர் ஆணையத்தின் தலைமையிடம் திருச்சிராப்பள்ளியில்தான் இருந்தது. திருச்சி மாவட்டத்து மானாவாரிச் சிற்றூர்களிலிருந்து மலையகம் சென்ற குடும்பங்கள் மிகப் பல. இலங்கை 1948 பிப்ரவரியில் விடுதலை பெற்றது, அவ்வாண்டிலேயே குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரைக் குடிமக்கள் அல்லாதவராக்கியது, வாக்கும் போயிற்று. அங்குத் தொகுதிகள் வாக்காளர் தொகைப்படி வகுக்கப்படவில்லை, மக்கள்தொகைப்படி வகுக்கப்பட்டன. ஆகவே மலைநாட்டில் தோட்டத் தமிழரின் தலைகள் எண்ணப்பட்டு, அத்தலைகளின் பேரால் வந்த கூடுதல் இடங்களை மற்றவர் வாக்கு நிரப்பியது. 1947 தேர்தலில் உறுப்பினர்களை அனுப்பிய இலங்கை இந்தியக் காங்கிரசால் 1952இல் ஓர் இடமும் பெற முடியவில்லை. பெரம்பலூர்ப் பக்கத்து ஊர் ஒன்றில் தங்கிவிட்ட தமையன் 1951இல் ஒன்றாக எண்ணப்பட்டு 1952இல் வாக்களித்தான் என்றும், அதற்கு முன்பே கப்பலேறிய தம்பி அங்கு எண்ணப்பட்டு வாக்கிழந்தான் என்றும் எண்ணிப் பார்த்தால், இரண்டு புதிய நாடுகளின் கணக்கு வேற்றுமை விளங்கும். நைஜீரியாவின் கதை வேறு வகை. 1960இல் விடுதலை பெற்ற அந்நாடு 1962இல் எடுத்த முதல் கணக்கை வடக்கும் தெற்கும் ஒப்பவில்லை. அது தள்ளப்பட்டு மறு ஆண்டு மீண்டும் எண்ணினர். அந்த எண்ணும் பூசலை ஓய்க்கவில்லை.

இந்தியாவில் எண்ணை ஐயுற்றவர் குறைவு. எண்ணின் விளைவை அஞ்சியவர் பின்னாளில் தோன்றினர். 1951ஆம் ஆண்டு நாட்டின் தொகை 36 கோடியே 11 இலட்சம் எனத் தெரிந்தது. எழுதப் படிக்கத் தெரிந்தோர் நூற்றுக்கு 18 பேர். பெண்களில் நூற்றுக்கு 9 பேருக்கும் சற்றுக் குறைவு. கோபாலஸ்வாமி தம் அறிக்கையில் மிகுபேறு பற்றி எச்சரித்தார். பின்னர்ச் சென்னை அரசின் தலைமைச் செயலாளரானபோது குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தை முனைந்து நடத்தினார். நாட்டுக்கே அதில் முன்னோடியாயிற்று தமிழகம். அதன் விளைவை நோக்குக. 1961ஆம் ஆண்டுக் கணக்கின்படி மறுவரையறை நடந்தபோது, தமிழகத்தின் மக்களவை இடங்கள் 41இலிருந்து 39ஆகக் குறைந்தன. 1967 தேர்தல் அவ்வாறே நடைபெற்றது. சொன்னதைச் செய்த மாநிலம் இடமிழக்கும் இந்த முரணை உணர்ந்தே 1976இல் அரசியலமைப்பின் 42ஆம் திருத்தம் மாநிலங்களுக்குரிய இடங்களை 1971ஆம் ஆண்டுத் தொகையோடு உறையவைத்தது. 84ஆம் திருத்தம் அதனை 2026க்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டியது.

இனி இவ்விரு மாவட்டங்களுக்கே வரலாம். பெரம்பலூர் 1995 நவம்பர் முதல் நாள் திருச்சிராப்பள்ளியிலிருந்து பிரிந்தது. அரியலூர் 2001 ஜனவரி முதல் நாள் பெரம்பலூரிலிருந்து பிரிந்து, 2002 மார்ச்சு 31இல் மீண்டும் அதனோடு கலந்து, 2007 நவம்பர் 23இல் மறுபடியும் தனியாயிற்று. முதல் பிறவியில் அரியலூர் மாவட்டத்தின் ஆயுள் பதினைந்து மாதம். அப்பதினைந்து மாதத்துக்குள் 2001 மார்ச்சு முதல் நாள் வந்துவிட்டது. ஆகவே கணக்கேட்டில் ஏறத்தாழ 6 இலட்சத்து 95 ஆயிரம் மக்களோடு அரியலூர் தனி மாவட்டமாகவே பதிந்தது. ஆட்சியர் அலுவலகம் மூடப்பட்டது. ஏட்டில் மாவட்டம் மூடப்படவில்லை. 2007இல் அது மீண்டும் பிறந்தபோது அதற்கென ஓர் எண் காத்திருந்தது.

2011ஆம் ஆண்டுக் கணக்கில் பெரம்பலூர் 5,65,223 மக்களோடு மாநிலத்தின் மிகச் சிறிய தொகையுடைய மாவட்டமாக நின்றது. அரியலூரின் தொகை 7,54,894. அதில் நகரத்தில் வாழ்வோர் நூற்றுக்கு 11 பேர்தான். மாநிலத்துக்கெல்லாம் சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும் தரும் மாவட்டம் இத்தனை சிற்றூர்த்தன்மையோடு இருப்பது கருதத்தக்கது. (2010இல் தமிழக அரசு மாநிலமெங்கும் குடிசைகளைத் தனியே எண்ணியபோது அவை ஏறத்தாழ 21 இலட்சம் எனத் தெரிந்தது. எண்ணிய பின்னரே அவற்றைக் காரை வீடாக்கும் திட்டத்துக்கு அளவு கிடைத்தது.) பெரம்பலூரில் பட்டியல் சாதியினர் நூற்றுக்கு 31 பேர். பெரம்பலூர்ச் சட்டமன்றத் தொகுதி தனித்தொகுதியாக இருப்பதன் அடிப்படை இத்தகைய எண்ணே.

அதே மாவட்டத்து எறையூரிலும் மலையப்ப நகரிலும் நரிக்குறவர் குடியிருப்புகள் உள்ளன. பாசிமணியும் ஊசியும் விற்று ஊர் ஊராகச் சென்ற இம்மக்கள் நெடுங்காலம் பழங்குடியினர் பட்டியலுக்கு வெளியே இருந்தனர். 2011இல் பெரம்பலூர் மாவட்டப் பழங்குடியினர் நூற்றுக்கு அரைவிழுக்காடு கூட இல்லை எனக் கணக்கு காட்டியது. அவ்வெண்ணில் நரிக்குறவர் இல்லை. 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தால் அவர்கள் பட்டியலில் சேர்ந்தனர். பட்டியலில் சேர்வது ஒன்று. எத்தனை பேர் என்று எண்ணப்படுவது மற்றொன்று. இரண்டாவது நிகழும் வரை முதலாவதற்கு அளவில்லை.

மனத்தை வருத்தும் எண் வேறொன்று. 2011இல் அரியலூரில் ஆயிரம் ஆண்களுக்கு 1015 பெண்கள், பெரம்பலூரில் 1003. பெண்ணைப் போற்றும் மாவட்டங்கள் என்று மேடையில் சொல்லத்தக்க எண்கள் இவை. ஆடவர் பலர் சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் சென்னைக்கும் திருப்பூருக்கும் பிழைக்கச் சென்றிருப்பதும் இதற்கு ஒரு காரணம். ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் தொகையைத் தனியே பிரித்தால் மறைந்திருந்தது வெளிவரும். அரியலூரில் ஆண் குழந்தைகள் 42,526; பெண் குழந்தைகள் 38,131. ஆயிரத்துக்கு 897. பெரம்பலூரில் 913. மாநிலச் சராசரியோ 943. இயற்கை விதிப்படி ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு ஏறத்தாழ 950 பெண் குழந்தைகளாவது இருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் அரியலூரில் மட்டும் ஏறத்தாழ இரண்டாயிரம் சிறுமிகள் கணக்கில் வராமல் போயினர். அவர்கள் விடுபட்டவர் அல்லர், இல்லாதவர். கருவில் பாலறிவதைத் தடுக்கும் சட்டம் 1994 முதல் இருக்கிறது. எந்த வீட்டிலும் எந்த மருத்துவமனையிலும் இதனை யாரும் ஒப்புக்கொள்வதில்லை. ஒப்புக்கொள்ளாததை, வாசலில் நின்று 'குழந்தைகள் எத்தனை பேர், வயதென்ன, ஆணா பெண்ணா' என்று கேட்ட ஓர் ஆசிரியரின் தாள் சொல்லிவிட்டது. விடை சொன்ன குடும்பங்கள் பொய் சொல்லவில்லை. தனித்தனியே ஒவ்வொரு வீட்டின் விடையும் குற்றமற்றது. சேர்த்துக் கூட்டியபோதுதான் குற்றம் தெரிந்தது. விடுதலை நாட்டுக்குக் குடிமதிப்பு ஏன் வேண்டும் என்பதற்கு இதனினும் வலிய விடை தேடத் தேவையில்லை.

2021இல் எடுத்திருக்க வேண்டிய கணக்கு பெருந்தொற்றினால் தள்ளிப்போயிற்று. 1881 முதல் போரிலும் பிரிவினையிலும் அறாத பத்தாண்டுத் தொடர் முதன்முறையாக அறுந்தது. 2025 ஜூன் 16ஆம் நாள் வெளியான அறிவிக்கை 2027 மார்ச்சு முதல் நாளைக் கணக்கு நாளாகக் குறித்தது. 1951இல் கதிரவன் எழும் வேளை; இப்போது நள்ளிரவு. தாள் சீட்டுக்கு மாறாகக் கைப்பேசி. 2011இல் அரியலூரில் எண்ணப்பட்ட அந்த 38,131 சிறுமியரும் அன்று பதினாறு முதல் இருபத்திரண்டு வயதினராக இருப்பார்கள். சிலர் கல்லூரியில் இருப்பர். சிலர் மணமாகி வேற்றூரில் தனி உலை வைத்திருப்பர். குடும்பத் தலைவரின் பெயர் என்ன என்று கணக்கெடுப்பாளர் கேட்கும்போது, விடை சொல்ல வாசலுக்கு வருபவர் அவர்களுள் ஒருத்தியாக இருக்கக்கூடும்.